கத்தரிக்குப் போன நல்ல தண்ணீர்

மக்கா,

நலம் விசாரித்துத் தொடங்க வேண்டும் என்று தெரியும். அதற்குக்கூட எனக்கு இன்று பொறுமை இல்லை. போன வாரம் போனில் நீ கேட்டது சின்னக் கேள்விதான். "யப்பா, பால்கனில நாலு செடி வைக்கலாம்னு இருக்கேன், எப்படி ஆரம்பிக்க?" நான் வாயைத் திறப்பதற்குள் உனக்கு ஆபீஸில் இருந்து இன்னொரு கால் வந்துவிட்டது. ஆனால் நீ போனை வைப்பதற்கு முன்னால் பின்னாலிருந்து உன் அம்மாவின் குரல் கேட்டது. "அவுகட்டயே கேளு, அவுகதான பெரிய தோட்டக்காரக." சிரித்துக்கொண்டு சொன்னாளா, குத்திச் சொன்னாளா என்று அன்றிலிருந்து மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. உன்னிடம் கேட்டால் சும்மா சொன்னாள் என்பாய். சும்மா சொல்கிறவள் இல்லை அவள். நம் ஊர் ஆடித் தபசுத் திருவிழா முடிந்த கையோடு உன்கூடக் கோயம்புத்தூருக்குக் கிளம்பியவள், இதோ கார்த்திகை போய் மார்கழியும் பிறந்துவிட்டது, இன்னும் ஊர்ப் பக்கம் திரும்பவில்லை. பேத்தியைப் பார்த்துக்கொள்ள என்றுதான் போனாள். பேத்தியைக் கிரெச்சில் விட ஆரம்பித்துவிட்டோம் என்று நீயே சொன்னாய். அப்புறம் அம்மா அங்கே எதற்கு என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அவள் திரும்பி வருவாளா மாட்டாளா என்பது என் கவலை. செடி எப்படி வைப்பது என்பது உன் கவலை. இரண்டையும் பிரித்து எழுத எனக்கு வரவில்லை, சேர்த்தே எழுதுகிறேன்.

நான் இதில் எப்படி விழுந்தேன் என்று முதலில் சொல்கிறேன். ஆயுசில் பாதிக்கு மேல் பஸ் ஓட்டியவன். ரிட்டையர் ஆன மறுநாள் விடியும் முன்பே குளித்து, காக்கியை எடுக்கப் போய், பிறகு வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றேன். போவதற்கு இடமில்லை. சும்மா இருக்க முடியாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். குருவிகுளம் வண்டியைக் கொஞ்சம் தாமதமாக எடுத்தால் எனக்கு ஆத்திரம் வந்தது. இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்த டிரைவர் பையன்கள், "அண்ணாச்சி, வீட்ல பால் வாங்கியாச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதோடு அங்கே போவதை விட்டேன். அப்புறம் வீடுதானே? அடுப்படியில் போய் நின்று, எண்ணெய் காயவில்லை, கடுகு கருகுது, கேஸ் ஏன் இவ்வளவு பெரிதாக எரிகிறது என்று ஒரே தொணதொணப்பு. உட்கார்ந்து டிவி பார்த்தாலும் வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருக்கும். "அங்கன என்ன பிரேக்கா இருக்கு?" என்று உன் அம்மா கேட்பாள். ஒருநாள் கரண்டியும் கையுமாக வந்து நின்றாள். "மாடி சும்மாத்தான கெடக்கு. ரெண்டு செடி கிடிய வச்சி அதுககிட்ட உங்க அதிகாரத்தக் காட்டுங்க. எங்கிட்ட வராதிய." ஊரில் உள்ளவர்கள் ஆசைப்பட்டுத் தோட்டம் போடுவார்கள். நான் துரத்திவிட்டதில் தோட்டம் போட்டவன்.

நீ நாலு செடி என்றாயே, அந்த நாலை அப்படியே வைத்துக்கொள். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரே வாரத்தில் பழைய வாளி, பெயிண்ட் டப்பா, அரிசிச் சாக்கு, கடையில் விற்கிற பை என்று மாடி முழுக்க அடுக்கிவிட்டேன். கத்தரி, தக்காளி, வெண்டை, மிளகாய், அவரை, பாகல், போதாக்குறைக்கு ஒரு எலுமிச்சை. எனக்கு எதிலும் டபுள் டிரிப் அடித்துத்தான் பழக்கம். மண்ணுக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது, குருவிகுளம் பக்கம் பருத்தியும் உளுந்தும் வானம் பார்த்தே விளைகிற கரிசல் ஞாபகம் வந்தது. எத்தனை வருஷம் அதன் ஓரமாக வண்டி ஓட்டியிருக்கிறேன். பழைய கண்டக்டர் ஒருவரிடம் சொல்லி லோடு ஆட்டோவில் மூட்டை மூட்டையாக இறக்கினேன். உன் அம்மா மாடிப்படியில் நின்று பார்த்துவிட்டு, "இதப் போயி தொட்டில போடவா?" என்றாள். அவள் இளையரசனேந்தலில் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண், கரிசலில் நடந்து வளர்ந்தவள். ஏன் கேட்கிறாய் என்று நான் திருப்பிக் கேட்டிருக்கலாம். "நீ கீழ போ, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். தொட்டியில் அந்த மண் தண்ணீர் ஊற்றினால் களியாகி ஓட்டையை அடைத்துக்கொண்டது. காய்ந்தால் விரல் நுழைகிற அளவுக்கு வெடித்து வேரை அறுத்தது. வயலில் அது தங்கம், வாளியில் அது சிமெண்ட். எல்லாவற்றையும் கொட்டி மறுபடியும் சுமந்து இறக்கியதில் இடுப்புப் பிடித்துக்கொண்டு பத்து நாள் படுத்திருந்தேன்.

அதனால் நீ மண்ணைத் தொட்டியில் அமுக்கி நிரப்பாதே. செம்மண் ஒரு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, நன்றாக மக்கிய சாணி உரம் ஒரு பங்கு. நார்த்தூள் கட்டியாக விற்பார்கள், அதை ஊறவைத்து இரண்டு தடவை அலசிப் பிழிந்துவிட்டுக் கல. பச்சைச் சாணியைப் போட்டால் செடி வெந்துபோகும். தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார், அதன் மேல் ஒரு ஓட்டுச் சில்லை வைத்துவிட்டு மண்ணைப் போடு. உன் பால்கனியில் வெயில் எப்போது வருகிறது, எங்கே விழுகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கவனி. காலை வெயில் நாலு மணி நேரமாவது விழுந்தால் காய்கறி வரும், இல்லாவிட்டால் கீரையும் புதினாவும் போதும் என்று இரு. கீரையில்தான் ஆரம்பிக்க வேண்டும். விதையைக் கொஞ்சம் மணலோடு கலந்து தூவிவிட்டு, மேலே மெல்லிசாக மண்ணைத் தூவினால் போதும், சீக்கிரம் முளைத்துவிடும். நம் குடும்பத்துக்கு அந்த வேகம்தான் ஒத்துவரும். நான் வெண்டையில் ஆரம்பித்துவிட்டுத் தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும். ராத்திரி ஊறவைத்து, காலையில் ஊன்றி, மறுநாளே முளைக்கவில்லை என்று விரலால் தோண்டிப் பார்த்தேன். அடுத்த நாளும் தோண்டினேன். வெள்ளையாக வேர் எட்டிப் பார்த்திருந்ததை நகத்தால் முறித்துவிட்டேன். "தூங்குற பிள்ளைய எழுப்பி, தூங்கிட்டியான்னு கேப்பியளே, அதே மாதிரில்லா இருக்கு" என்று உன் அம்மா சிரித்தாள். நீ சின்னதாக இருக்கும்போது நைட் டூட்டி முடிந்து வந்து நான் அப்படித்தான் செய்வேனாம். அன்றைக்கு அவளோடு நானும் சிரித்தேன். கடைசியாக நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

இனித் தண்ணீர் விஷயம். நீ இங்கே வளர்ந்தவன், உனக்குத் தெரியும். மருமகளுக்காகச் சொல்கிறேன், அவளும் இதைப் படிப்பாள். நம் வீட்டில் இரண்டு தண்ணீர். போர்க் குழாயில் வருவது உப்புத் தண்ணீர், குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ. தெருக்குழாயில் வருவது நல்ல தண்ணீர், குடிக்க, சமைக்க. நல்ல தண்ணீர் தினமும் வராது. சில நாள் விட்டு ஒருநாள் வரும், அதுவும் எந்த நேரத்தில் திறப்பார்கள் என்று சொல்ல முடியாது. வந்ததும் பிடித்து, படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற நீல டிரம்மிலும் குடங்களிலும் நிரப்பி, அடுத்த முறை வரும்வரை அளந்து செலவழிக்க வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அது உன் அம்மாவின் வேலை. நான் தினமும் வண்டியில் கொண்டுபோன பாட்டில் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

மாடிச் செடிக்கு நான் போர்த் தண்ணீரைத்தான் ஊற்றினேன். கொஞ்ச நாளில் மண்ணின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்தது. கத்தரி இலையின் ஓரமெல்லாம் தீய்ந்து சுருண்டது. உரம் போதவில்லை என்று நினைத்து உரத்தை அள்ளிப் போட்டேன், இன்னும் மோசமானது. பிறகுதான் ஒருநாள் உன் அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம் டிரம்மிலிருந்து ஒரு குடம் நல்ல தண்ணீரை எடுத்துக்கொண்டு மாடியேறினேன். ஒரு வாரத்தில் கத்தரி கொழுந்து விட்டது. அந்தப் பச்சையைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? ரிட்டையர் ஆனபிறகு நான் கை வைத்து உருப்பட்ட முதல் காரியம் அது. அப்புறம் தினமும் ஒரு குடம், பிறகு இரண்டு. டிரம் சீக்கிரம் குறைகிறதே என்று உன் அம்மா இரண்டு மூன்று தடவை சொன்னாள். குழாயில் வரத்துக் குறைவு போல என்று அவளே ஒரு காரணமும் கண்டுபிடித்தாள். நான் பேப்பரில் இருந்து தலையை எடுக்கவில்லை.

தபசு அன்று என்ன நடந்தது என்று உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நீ வந்து இறங்கியது சாயங்காலம். காலையிலேயே இளையரசனேந்தலில் இருந்து உன் பெரிய மாமா குடும்பத்தோடு வந்துவிட்டார், அவர் சம்பந்தி வீட்டாரும் முதல் தடவையாக வந்திருந்தார்கள். தெருவில் கால் வைக்க இடமில்லை, எல்லா வீட்டிலும் ஆள். உன் அம்மா முதல் நாளே டிரம்மை எட்டிப் பார்த்து, கணக்காக இருக்கிறது, நாளைக்குத் தாங்கும் என்று நிம்மதியாக இருந்தாள். எனக்கு மட்டும் அந்த நிம்மதி இல்லை. விருந்தாட்கள் இருக்கும்போது மாடிக்குக் குடம் தூக்க முடியாதே, வெயில் வேறு கொளுத்துகிறதே என்று, அவள் எழுந்திருக்கும் முன்பாகவே எல்லாச் செடிக்கும் வயிறு நிறைய ஊற்றிவிட்டு வந்தேன். சாம்பாருக்குத் தண்ணீர் மொள்ள அவள் டிரம்முக்குள் செம்பை விட்டாள். அது அடியில் இடித்த சத்தம் ஹாலில் உட்கார்ந்திருந்த எங்களுக்கும் கேட்டது.

"தண்ணி எங்கங்க?" என்றாள்.

"செடி காயுதுல்லா. நாந்தான் எடுத்தேன்."

"அம்புட்டுமா?"

சம்பந்தி வீட்டார் பார்க்கிறார்கள். அந்த இடத்தில் தப்புத்தான் என்று சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். எனக்கு ரோஷம். "இப்பம் என்ன குடியா முழுகிப் போச்சு? கேன் வாங்கிக்கிட்டாப் போச்சு. தொறந்து விட்டா வருது, அதப் பிடிச்சு வைக்கது ஒரு வேலையா?" என்றேன். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். அவர்கள் வீட்டிலும் ஆள்கூட்டம், பாதிக் குடம்தான் கொடுக்க முடிந்தது. கடைசியில் உன் பெரிய மாமா, "விடு மாப்ள, நல்ல நாளும் அதுவுமா" என்று சொல்லிவிட்டு, கடைக்குப் போய் இருபது லிட்டர் கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். தங்கை வீட்டுக்கு விருந்துக்கு வந்த அண்ணன், அத்தனை கூட்டத்தில், புது வேட்டியெல்லாம் நனைய, தண்ணீர் சுமந்து வந்தார். உன் அம்மா அவர் தோளில் இருந்த கேனை இறக்கும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். பிறகு பார்க்க முடியவில்லை. அன்றைக்கு அவள் எல்லாருக்கும் பரிமாறினாள், எல்லாருடனும் பேசினாள். என்னிடம் மட்டும் பேசவில்லை. நீ பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று வாயெடுத்ததும், நான் வாரேன் என்று பையை எடுத்து வைத்தவள் அவள்தான். நீ கூப்பிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

ஐப்பசியில் நான் அங்கே வந்தேனே, காலையில் வந்து சாயங்காலமே திரும்பினேன். ஏன் யப்பா, ரெண்டு நாள் இருங்களேன் என்று நீ கெஞ்சினாய். செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்றேன். "செடிதான் ஒங்களுக்குப் பிள்ளையா?" என்று நீ கோபப்பட்டாய். உண்மை அது இல்லை மக்கா. மத்தியானம் சாப்பிடும்போது உன் அம்மா எனக்கு இலை போட்டுப் பரிமாறி, "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. போதும் என்றாலும் ஒரு கரண்டி போடுவாள், வேண்டும் என்றால் "வயித்தப் பாத்தியளா" என்பாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்த ஆளிடம் கேட்பதுபோலக் கேட்டாள். அதைத் தாங்க முடியாமல்தான் எழுந்து பஸ் ஏறினேன்.

அவள் போன பிறகு நல்ல தண்ணீர் பிடிப்பது என் தலையில் விழுந்தது. முதல் முறை தூங்கிவிட்டேன், தண்ணீர் வந்து போயே போய்விட்டது. இரண்டாவது முறை ஓடிப்போய்ப் பிடித்தேன், முதலில் வருகிற கலங்கலை விட வேண்டும் என்று தெரியாமல் டிரம்மை நிரப்பி, அப்புறம் அத்தனையையும் கொட்டினேன். வேகம் இல்லாத நாளில் நூலாக வரும், பக்கத்திலேயே குத்த வைத்து உட்கார்ந்திருக்க வேண்டும், ஓஸ் குழாய் நழுவினால் போச்சு. டிரம்மைப் பாசி பிடிக்காமல் தலையை உள்ளே விட்டுத் தேய்க்க வேண்டும். என் இடுப்பு முதல் வாரமே சொல்லிவிட்டது. வண்டி ஓட்டுகிறவனுக்கு டூட்டி நேரம் என்று ஒன்று உண்டு, முடிந்ததும் இறங்கிவிடலாம். இந்த டூட்டியில் இறங்குகிற இடமே இல்லை. எப்போது வரும் எப்போது வரும் என்று காதைத் தெருவிலேயே வைத்துக்கொண்டு எப்படித்தான் இத்தனை வருஷம் தூங்கினாளோ.

செடிகளைப் பாதியாகக் குறைத்துவிட்டேன், கேட்டவர்களுக்குக் கொடுத்தேன். இருக்கிறவற்றுக்கு அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன், மழை பெய்தால் வாளிகளை வரிசையாக வெளியே வைக்கிறேன். நீயும் அப்படியே செய். விரலை மண்ணில் விட்டுப் பார், ஈரம் தட்டினால் அன்றைக்கு ஊற்றாதே. செடி சாவது பெரும்பாலும் தண்ணீர் இல்லாமல் இல்லை, நம்மால் சும்மா இருக்க முடியாமல் ஊற்றி ஊற்றித்தான். கீழ் வீட்டுப் பால்கனியில் வடியாமல் அடியில் தட்டு வை. வெள்ளையாக மாவுப்பூச்சி ஒட்டினால் பதறி மருந்தடிக்காதே, சோப்புத் தண்ணீரில் கொஞ்சம் வேப்பெண்ணெய் கலந்து தெளி. எந்தத் தொட்டியை எங்கே வைக்கலாம், எந்தத் தண்ணீரை எடுக்கலாம் என்று மருமகளிடம் கேட்டுவிட்டு வை. பால்கனியில் துணி காயப்போடுகிறவளுக்கு அந்த இடத்தைப் பற்றி உன்னைவிட அதிகம் தெரிந்திருக்கும்.

கத்தரி இப்போது தாறுமாறாகக் காய்க்கிறது. பறித்து, எனக்குத் தெரிந்த மாதிரி எண்ணெயில் வதக்கித் தின்கிறேன், பாதியைத் தெருவில் கொடுக்கிறேன். மாடியில் ஐந்து நிமிஷம் நிற்கிறேன், கீழே வருகிறேன், மறுபடி ஏறுகிறேன். போனை எடுத்து அவள் நம்பர் வரைக்கும் போய் வைத்துவிடுகிறேன். போனில் கேட்டால் "சரிங்க" என்று வைத்துவிடுவாள் என்று பயம். இந்த வயதில் எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அவள் இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. சோற்றுக்காகவும் தண்ணீருக்காகவும் இல்லை, அதெல்லாம் எப்படியோ நடக்கிறது. அவள் கேலி செய்யாத வீட்டில் நான் எதைச் செய்தாலும் செய்த மாதிரியே இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே முடிவு செய்துவிட்டேன், பொறுமையாக யோசித்தால் மாறிவிடும். இந்தப் பக்கங்களைப் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிட்டு இன்று சாயங்காலம் பஸ் ஏறுகிறேன். செடிகளை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. வாடினால் வாடட்டும். அவளைக் கூட்டிப்போக வருகிறேன் என்று தயவுசெய்து சொல்லிவிடாதே, அப்படிக் கேட்க எனக்கு வாய் இல்லை. அவள் எங்கே இருக்கிறாளோ அங்கே நானும் இருக்க வருகிறேன், திரும்புவதற்கு டிக்கெட் எடுக்கவில்லை. உன் வீட்டில் ஒரு பாய் போடும் இடம் எனக்குப் போதும். காலையில் மணி அடித்தால் நீ எழுந்து வராதே. அவள் வந்து திறக்கட்டும். எவ்வளவு நேரமானாலும் நான் வெளியே நிற்கிறேன்.

உன் அப்பா